ராஜா தோற்ற வருஷம் எது?

தண்ணீர்மலை செல்வி, பினாங்கு:
எல்லாருக்கும் வணக்கம். என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்டால், "எங்க ராஜா தேவர்கிட்ட தோத்தாரே, அதுக்கு அடுத்த மாசம் கப்பல் ஏறுனேன்" என்பார். இப்போது பிள்ளைகளுக்காகக் குடும்பக் கதையை எழுதி வைக்கிறேன். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டால், "ராஜா மந்திரியா இருந்தவரு, அவரு எங்க தோத்தாரு?" என்று கோபப்படுகிறார். யார் சொல்வது சரி?

சேதுக்கரையான், பிரிக்ஃபீல்ட்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான் செல்வி. அவர் சண்முக ராஜேஸ்வர சேதுபதி. விவேகானந்தரைச் சிக்காகோவுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்திய பாஸ்கர சேதுபதியின் பேரன். 1909இல் பிறந்தவர், 1929இல் பட்டத்துக்கு வந்தார்.

1937 பிப்ரவரித் தேர்தலில் அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது முத்துராமலிங்கத் தேவரை. இரண்டு பேருமே முப்பது வயதைத் தொடாதவர்கள். தேவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருஷம் மாகாணம் முழுக்கக் காங்கிரஸ் அலை, 215 இடங்களில் 159. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜாவே சொந்த ஊரில் வி. வி. கிரியிடம் தோற்றார். சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. மூட்டை தூக்க வந்த உங்கள் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருக்காது. ஆனாலும் அதைத்தான் தன் வாழ்க்கைக்குத் தேதியாக வைத்திருந்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்துவிட்டது.

அப்புறம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமஸ்தானம் போனது. 1952இல் 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு. ராஜா இராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். தேவர் அந்த முறை முதுகுளத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் நின்றார். ராஜாஜி மந்திரி சபையில் சேதுபதிக்கு இடம் கிடைத்தது. 1954இல் காமராஜர் எட்டே பேரோடு அமைத்த மந்திரி சபையிலும் அவர் இருந்தார். 57, 62 தேர்தல்களிலும் அதே தொகுதியில் ஜெயித்தார். 1967இல் காலமானார். சமஸ்தானம் கையில் இருந்தபோது தோற்றவர், அது போன பிறகு மூன்று முறை ஜெயித்திருக்கிறார். முன்பு வரி கொடுத்த கிராமங்களிடமே போய் ஓட்டுக் கேட்டாரே, அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

பட்டர்வொர்த் மணியம்:
கணக்கு ஒத்துப்போகிறது தங்கச்சி. 1938 நடுவில் மலாயாவுக்குக் கூலியாட்கள் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் தாத்தா வந்திருப்பதே கஷ்டம். நாகப்பட்டினத்திலிருந்து வந்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பா ரஜூலா கப்பலில் அங்கிருந்துதான் வந்தார்.

தண்ணீர்மலை செல்வி:
நாகப்பட்டினம்தான் என்கிறார் அம்மா! இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. நோட்டில் "1937, பங்குனி" என்று எழுதிவிட்டேன். ஊரிலேயே தங்கிவிட்ட தாத்தாவின் தம்பி 52இல் ராஜாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். அதைக் கடிதத்திலும் எழுதியிருந்தாராம். அந்தக் கடிதம் இன்னும் தகரப் பெட்டிக்குள் இருக்கும் என்கிறார் அம்மா. சனிக்கிழமை தேடப் போகிறேன். கிடைத்தால் படம் பிடித்து இங்கே போடுகிறேன்.