பிள்ளையை எழுப்பக் கைப்பேசிச் செயலியா, தனிக் கடிகாரமா?

மல்லிகைப்பந்தல் (மதுரை):
அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4 வயது. இருவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். பள்ளி வேன் 7:10-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும் என்பதால் பெரியவன் 6 மணிக்கு எழுந்தாக வேண்டும், ஆனால் அவனை எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது. சின்னவளோ நாலரை மணிக்கே வந்து, "விடிஞ்சிடுச்சாம்மா?" என்று என் போர்வையை இழுக்கிறாள். இப்போது என் கைப்பேசியில்தான் அலாரம் வைக்கிறேன்; ஒலியை நிறுத்திய கையோடு மகன் விளையாட்டைத் திறந்துவிடுகிறான். குறித்த நேரத்தில் பச்சை ஒளி காட்டும் குழந்தைகளுக்கான கடிகாரங்களைப் பார்த்தேன், விலை கையைக் கடிக்கிறது. அதே வேலையைச் செய்யும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியும் சும்மா கிடக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

கோவைக்காரன்:
பழைய கைப்பேசி வழியை ஆறு மாதம் முயன்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, பின்னணியில் ஓடும் செயலியை இரவில் மூடிவிட்டதால் இரண்டு நாள் அலாரம் அடிக்கவே இல்லை, இரண்டு நாளும் வேன் போய்விட்டது. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகே ஒழுங்காக அடித்தது. ஒரே செயலியில் திரையை நிறுத்திவைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 5 முதலே, அதாவது 2014 முதலே, இருக்கிறது. அதையும் போட்டு வைத்தேன். நான் பின் எண்ணை அழுத்துவதை என் மகள் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்தச் செயலியைப் போட்டாலும் பிள்ளையின் கண்ணுக்கு அது கைப்பேசிதான்.

வார்டு செவிலி:
நீங்கள் இரண்டு சிக்கல்களை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறீர்கள். மகனை எழுப்ப ஒலி தேவை; மகளுக்கோ, இன்னும் படுத்திருக்கலாம் என்று சொல்லும் அடையாளம் போதும். ஒரே கருவியில் இரண்டையும் எதிர்பார்த்தால் அலாரம் இருவரையும் எழுப்பிவிடும்.

மகளுக்குக் கடையில் விற்கும் கடிகாரமே வேண்டும் என்பதில்லை. பச்சை ஜீரோ வாட் பல்பை ஒரு டைமர் பிளக்கில் மாட்டி, 6 மணிக்கு எரியுமாறு வைத்தால் போதும். திருகி வைக்கும் வகை டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடும். அரை மணி மின்சாரம் போனால் விளக்கும் அரை மணி தாமதமாகவே எரியும். ஆகவே உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையை வாங்குங்கள். எதை வாங்கினாலும் இரவு முழுவதும் நீல ஒளி எரிய விடாதீர்கள், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை மிகுதியாகக் குறைப்பது அந்த நிறம்தான். பட்டன் செல் போடும் பொருளானால் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்; குழந்தை விழுங்கிய லித்தியம் செல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது.

மகனைப் பொறுத்தவரை, உங்கள் குரலையே பதிந்து அலாரமாக வையுங்கள். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலுள்ள நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனையினர், தீ எச்சரிக்கைக் கருவிகளுக்காக 5 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கீச்சொலிக்கு விழித்தவர்கள் பாதிக்குச் சற்றே கூடுதல், தாயின் குரலுக்கு விழித்தவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். இந்த ஓர் இடத்தில் உங்கள் பழைய கைப்பேசி கடிகாரத்தை வென்றுவிடுகிறது. அதை அறைக்கு வெளியே, கை எட்டாத அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்று: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த பரிந்துரை. பத்து மணிக்குப் படுக்கும் பிள்ளையை ஆறு மணிக்கு எந்தக் கருவியும் சிரித்த முகத்தோடு எழுப்பாது. மகள் பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்பதையும் பாருங்கள்.

பழைய பஞ்சாங்கம்:
சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கி, தினமும் இரவில் மகனே அலாரம் வைக்கட்டும். முள் பார்த்து மணி சொல்லவும் பழகுவான், செலவும் குறைவு.

மல்லிகைப்பந்தல்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சிம் நீக்கிய பழைய கைப்பேசி கூடத்து அலமாரியில் இருக்கிறது. "வேன் வந்துடும், எந்திரிடா" என்ற என் பதிவை நிறுத்த அவன் நடந்து வந்தாக வேண்டும், வந்தவன் பெரும்பாலும் திரும்பிப் படுப்பதில்லை. சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் முடிப்பதால் எட்டரைக்குப் படுக்கை. மகளின் மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம், இப்போது ஐந்தரை வரை தூங்குகிறாள். பச்சை விளக்கை முதல் வாரம் அவள் பொருட்படுத்தவே இல்லை. நேற்று ஐந்தே முக்காலுக்கு எழுந்தவள் என்னிடம் வராமல், கட்டிலிலேயே உட்கார்ந்து பல்பை முறைத்துக்கொண்டிருந்தாள்.