'பேப்பர்' பாடத்துக்கு ஒரு யோசனை வேண்டும்

வணக்கம். சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இப்போது 'பேப்பர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். வெறும் தாளுக்கு 'எ பீஸ் ஆஃப் பேப்பர்'. இது அவர்களுக்குச் சுலபம்; சீனத்திலும் 'யீ ஜாங் ஜி' என்று, 'பீஸ்' மாதிரி நடுவில் 'ஜாங்' என்ற அளவுச்சொல் போட்டுத்தான் தாளை எண்ணுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம். செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை, தேர்வுத்தாள் என்றால் அதே சொல் 'டூ பேப்பர்ஸ்' ஆகிவிடுகிறது. சீனத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள்: பாவ்ஜி, லுன்வென், ஷிஜுவான். இவற்றுக்குப் பன்மை விகுதியும் கிடையாது. 'ஐ நீட் டூ பேப்பர்' என்று கேட்பவருக்கு வேண்டியது இரண்டு தாளா, இரண்டு நாளிதழா? நாமும் 'ரெண்டு பேப்பர் குடு' என்கிற ஆட்கள்தானே, திருத்த எனக்கே கூச்சம். பட அட்டை, விளையாட்டு என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்களேன். இலக்கண விளக்கம் மட்டும் வேண்டாம், வகுப்பே கொட்டாவி விடுகிறது.