'அறிகுறியற்ற' என்ற அடை பொருந்துமா? டர்னர் நோய்த்தொகையும் தைராய்டு குறைசுரப்பும்

அன்புள்ள ஐயா,

இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) உயர்ந்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இயல்பான அளவிலும் இருக்கும் நிலைக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்' எனப்படுவதற்கு, தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் முன்வைத்த 'அறிகுறியற்ற தைராய்டு குறைசுரப்பு' எளிய சொல்தான். ஆனால் டர்னர் நோய்த்தொகை உள்ள சிறுமியரை எண்ணினால் அது பொருந்தவில்லை.

இரண்டு எக்ஸ் நிறப்புரிகளில் (குரோமோசோம்களில்) ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாமல், ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளுக்கு ஒருவர் இந்நிலையுடன் பிறக்கிறார். உயரக் குறைவு இவர்களுக்கு நிறப்புரிக் குறையாலேயே வருவது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வளர்ச்சி மந்தப்படும். அப்படியிருக்க, அறிகுறி இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? உடலின் எதிர்ப்பாற்றல் தன் தைராய்டு சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சி இவர்களிடம் மிகுதி. எக்ஸ் நிறப்புரியின் நீளமான பகுதி ('நீண்ட கை') இரட்டித்து அமைந்தவர்களிடம் இன்னும் மிகுதி. வெளித்தோற்றத்தை நம்பாமல் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான்.

இதே நிலையைத் 'தொடக்கநிலை'க் குறைசுரப்பு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சிலருக்கு டி.எஸ்.எச். தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடுவதால், நோய் முற்றியே தீரும் என்று அச்சுறுத்தும் அச்சொல்லையும் ஏற்க இயலவில்லை. (நம் ஊரில் 'பெண்ணுக்குத் தைராய்டு இருக்கிறது' என்றாலே நோய் என்று பொருளாகிவிட்டது, சுரப்பி எல்லாருக்கும் இருப்பதை யாரும் நினைப்பதில்லை.)

தஞ்சைப் பக்கத்தில் வாய்க்கால் தூர்ந்திருந்தால், கடைமடைக்கு நீர் எட்டுவதற்காகத் தலைப்பில் மதகை இன்னும் உயர்த்துவார்கள். வயலில் நீர் நிற்பதை மட்டும் பார்ப்பவருக்கு வாய்க்காலின் பழுது தெரியாது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கே தெரியும். இங்கே தூர்ந்த வாய்க்கால் தைராய்டு, மதகைத் திறப்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, திறப்பின் அளவு டி.எஸ்.எச்., வயலில் நிற்கும் நீர் டி4. சொல்லில் வரவேண்டியது இந்த ஈடுகட்டல்தான்.

ஆகவே 'ஈடுகட்டு குறைசுரப்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஈடுகட்டிய, ஈடுகட்டுகிற, ஈடுகட்டும் என மூன்று காலத்துக்கும் இடம்தரும் வினைத்தொகை என்பதால், நிலை மீளுமா முற்றுமா என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. குறைசுரப்பு எப்படி ஈடுகட்டும் என்று கேட்கலாம். குடிநீர் என்னும்போது குடிப்பது நீரன்றே, அதைப் போன்றதுதான் இதுவும். வினைத்தொகையாதலால் இடையில் 'க்' மிகாது என்பதை மட்டும் மெய்ப்புப் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.