ஒருநாள் கோழிக்குஞ்சு எடுத்து 5 நாள், பின்பக்கம் ஒட்டி ஒட்டிச் சாகுது, கெதியா சொல்லுங்கோ

சாம்பல்தீவு வீட்டுக்கோழி:
வணக்கம் எல்லாருக்கும். போன வெள்ளிக்கிழமை 50 ஒருநாள் குஞ்சு எடுத்தனான், முட்டைக்கு வளக்கிற லேயர் குஞ்சு. இண்டைக்கு எண்ணினா 41தான் இருக்குது, நேத்து ராத்திரி மட்டும் 4 போச்சு. காட்போட் பெட்டிக்குள்ள பேப்பர் விரிச்சு மேல 9 வாட் எல்இடி பல்ப் போட்டிருக்கிறன், நல்ல வெளிச்சமா இருக்கு, ஆனா குஞ்சுகள் மூலைக்க போய் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிப் படுக்குதுகள், விடிய விடிய கத்துதுகள். பின்பக்கத்தில எச்சம் காஞ்சு சீமெந்து மாதிரி ஒட்டியிருக்கு, ஒண்டுக்கு நான் பிடிச்சு இழுத்துப்போட்டன், ரத்தம் வந்திட்டு. ரெண்டு குஞ்சுக்கு கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு எழும்ப ஏலாம கிடக்குது. பக்கத்து வீட்டு மாமா மனுசருக்குக் குடுக்கிற அன்டிபயோட்டிக் கப்ஸ்யூலை உடைச்சு தண்ணில போடச் சொல்றார். போடலாமோ? வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர், மாரியில தொழில் இல்லை, அதுக்குத்தான் முட்டைக் காசாவது வரட்டுமெண்டு சீட்டுக்காசில எடுத்த குஞ்சுகள். மனசு சரியில்ல.

உப்புவெளி கூடு:
தங்கச்சி, கப்ஸ்யூல் போடாதீங்கோ. முதல்ல அந்த பல்பை மாத்துங்கோ, உங்கட பிரச்சினையில முக்கால்வாசி அதுதான். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சு மூலைக்க ஏறிப் படுத்துக் கத்துதெண்டா குளிருதெண்டு அர்த்தம், இப்ப அடிக்கிற வாடைக்காத்தில சொல்லவே வேண்டாம். முதல் கிழமை குஞ்சு நிக்கிற இடத்தில 32 இலிருந்து 35 பாகை செல்சியஸ் வேணும், பிறகு கிழமைக்கு 3 பாகை மாதிரி குறைச்சுக்கொண்டு வரலாம். பழைய குண்டு பல்ப் தேடி எடுங்கோ, குஞ்சுக்கு 2 வாட் கணக்கு, உங்கட 41க்கு 60 வாட் ரெண்டு போட்டா நல்லம், ஒண்டு பியூஸ் போனாலும் மற்றது எரியும். ஒண்டரை அடி உயரத்தில தொங்கவிட்டுட்டு அரை மணித்தியாலம் பக்கத்தில இருந்து குஞ்சைப் பாருங்கோ. பல்புக்குக் கீழ குவிஞ்சா இறக்குங்கோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தூர ஓடினா உயர்த்துங்கோ, பரவலா நிண்டு தின்னுதெண்டா அதுதான் சரியான சூடு. பெட்டி மூலைகளை மட்டை வைச்சு வளைச்சு விடுங்கோ, மூலை இருந்தா அதுக்க நெருங்கி மூச்சடைச்சே சாகும். சாக்குக் கட்டி காத்தை மறைக்கலாம், ஆனா மேல்பக்கம் திறந்திருக்க வேணும், இல்லாட்டி எச்ச நாத்தம் கண்ணையும் மூச்சையும் கெடுத்துப்போடும்.

ஒட்டினதை இனி இழுக்காதீங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணில பஞ்சை நனைச்சு வைச்சு ஊறவிட்டா தானா கழண்டு வரும், பிறகு துடைச்சு நல்லாக் காயவைச்சு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கோ. ஈரத்தோட விட்டா அந்தக் குளிரிலயே போயிடும். இன்னொண்டு, பின்பக்கத்துக்குக் கீழ, வயித்துப்பக்கமா, கறுப்பா ஒரு பொருக்கு தெரிஞ்சா அது தொப்புள், அதைத் தொடவே வேண்டாம். நிறையப் பேர் எச்சமெண்டு நினைச்சு அதைப் பிச்சு குடல் வெளிய வந்து செத்த குஞ்சுகள் நான் எத்தினையோ பாத்திருக்கிறன். தொப்புள் வீங்கி ஈரமா மணத்தா அந்தக் குஞ்சைப் புறம்பாக்குங்கோ, அது பிழைக்கிறது கஸ்டம்.

கால் விரிஞ்சதுக்குக் காரணம் பேப்பர். வழுக்கும். பேப்பருக்கு மேல பழைய சாக்கோ மரச்சீவலோ போடுங்கோ. அந்த ரெண்டுக்கும் பிளாஸ்டரை மெல்லிசா வெட்டி ரெண்டு காலையும் சாதாரணமா நிக்கிற அகலத்தில சேத்து ஒட்டிவிடுங்கோ, இப்பவே செய்தா ரெண்டு மூண்டு நாளில நிக்கும், பிந்தினா எலும்பு அப்பிடியே இறுகிப்போகும்.

கிண்ணியா உம்மா:
மகள், மேல சொன்னது எல்லாம் சரி. கறன்ட் போனா என்ன செய்யிறதெண்டும் யோசிச்சு வைங்க, மாரியில எங்கட பக்கம் போனா எப்ப வருமெண்டு இல்லை. நான் சோடாப் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி குஞ்சுக்கு நடுவுல வைப்பன், ஆறினா மாத்துவன். சிரட்டைக்கரி நெருப்பைச் சட்டில போட்டு மூடின இடத்துக்குள்ள வைக்காதீங்க, அந்தப் புகையிலயும் நச்சுக் காத்திலயும் ஒரே ராத்திரியில எல்லாம் போயிரும், எங்கட வீட்டுல ஒருக்கா நடந்தது, இன்னும் நெஞ்சுக்குள்ள இருக்கு.

சோந்து கிடக்கிற குஞ்சுக்கு ஒரு லீற்றர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி சீனி கரைச்சு, சொண்டை மெதுவா தண்ணில தொட்டுக் காட்டுங்க. அரைநாள் போதும், பிறகு வெறும் தண்ணி, சீனித்தண்ணி புளிச்சா அதுவே வயித்தால அடிக்கும். தண்ணிச் சட்டில கூழாங்கல் போடுங்க, குஞ்சு விழுந்து நனையாது.

மூதூர்த் தம்பி:
அக்கா ஒரு விசயம். சூடு சரியாக்கி ரெண்டு நாள் போயும் சாகுதெண்டா, அதுவும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக் கழிஞ்சு சாகுதெண்டா, அது குளிர் மட்டுமில்ல. சல்மொனெல்லாக் கிருமியில புல்லோரம் எண்டு ஒரு வருத்தம் இருக்கு, தாய்க்கோழியில இருந்து முட்டைக்குள்ளாலயே குஞ்சுக்கு வரும், முதல் ரெண்டு மூண்டு கிழமையில கொத்துக்கொத்தா அள்ளும். அப்ப வீட்டு வைத்தியம் பாத்து நாள் கடத்தாம, அப்பதான் செத்த குஞ்சை பொலித்தீன் பையில கட்டி ஐஸ் மேல வைச்சு மிருக வைத்தியர் கந்தோருக்குக் கொண்டு போங்க. ஃபிரீசர்ல போடக் கூடாது, உறைஞ்சா வெட்டிப் பாக்கிறதுக்கு சரிவராது. அவங்க பாத்து எழுதித் தந்தா அந்த அன்டிபயோட்டிக்கை சொன்ன அளவில சொன்ன நாள் முழுக்கக் குடுங்க. கப்ஸ்யூலை உடைச்சு மனப்போக்கில போட்டா எந்தக் குஞ்சு எவ்வளவு குடிச்சிச்செண்டே தெரியாது, கிருமியும் மருந்துக்குப் பழகிப்போகும், பிறகு உண்மையா மருந்து தேவைப்படேக்க கேக்காது. குஞ்சைத் தொட்டா சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க, சின்னப் பிள்ளையள் முத்தம் குடுக்க விடாதீங்க.

அடுத்த கண்டம் மூண்டாம் கிழமை. நான் 2 வருசத்துக்கு முதல் 60 குஞ்சில 22ஐ ரத்தக்கழிச்சல்ல குடுத்தனான். கூரையால ஒழுகி மரத்தூள் நனைஞ்சு கிடந்தது, நான் மேலால புதுத்தூளைப் போட்டு மறைச்சன், அதுதான் பிழை. அந்த ஈரச் சூட்டிலதான் ரத்தக்கழிச்சலைக் குடுக்கிற கொக்சிடியாக் கிருமியின்ர முட்டை பழுக்கும். செட்டையைத் தொங்கப்போட்டுக் குறண்டி நிண்டா, எச்சத்தில ரத்தம் கண்டா, அண்டைக்கே அம்ப்ரோலியம் எண்ட மருந்தைத் தண்ணில குடுக்கத் துவங்கோணும், அளவு பைக்கற்றில இருக்கிற மாதிரி. அந்த நாளையில விற்றமின் பி1 சேத்துக் குடுக்கக் கூடாது, அம்ப்ரோலியம் அந்தக் கிருமிக்கு பி1 கிடைக்க விடாமத்தான் கொல்லுது, நாங்க பி1ஐக் கொட்டினா மருந்து வேலை செய்யாது. நனைஞ்ச தூளை அடியோட அள்ளிப் போடுங்க. தண்ணிச் சட்டி குஞ்சின்ர முதுகு உயரத்துக்கு நிண்டா பாதி ஈரம் குறையும்.

கிண்ணியா உம்மா:
நுளம்பு வலையும் போடுங்க மகள். மழை விட்டதும் எங்கட வயல் பக்கம் நுளம்பு எழும்பும், அதோட அம்மையும் வரும், கண்ணைச் சுத்தி, சொண்டுல கொப்புளம். அது வைரஸ், கொல்ல மருந்து இல்ல, புண்ணுக்கு அயடீன் தொட்டு கண்ணைச் சுத்தமா வைச்சா பெரும்பாலும் தப்பும். வாய்க்குள்ள மஞ்சளாப் படிஞ்சாதான் பயம்.

சாம்பல்தீவு வீட்டுக்கோழி:
எல்லாருக்கும் கோடி நன்றி. மூண்டு நாளா எழுத நேரம் கிடைக்கல. குண்டு பல்ப் திருகோணமலை டவுனில நாலு கடை ஏறி இறங்கித்தான் கிடைச்சது. போட்ட அண்டைக்கு ராத்திரியே சத்தம் அடங்கிட்டு, நான் பயந்து எழும்பிப் போய்ப் பாத்தா எல்லாம் பரவிப் படுத்து நித்திரை. அடுத்த நாள் ஒண்டு செத்தது, நான் இழுத்து ரத்தம் வந்ததுதான். அதுக்குப் பிறகு இல்லை, 40 நிக்குது. கால் கட்டின ரெண்டில ஒண்டு நடக்குது, மற்றது இன்னும் தடுமாறுது. இனி ராணிக்கெட் எண்ட கோழி வருத்தத்துக்குத் தடுப்பு மருந்து போடோணுமெண்டு சொல்றாங்க, தண்ணில கலந்து குடுக்கலாமோ, கண்ணில விடோணுமோ?

உப்புவெளி கூடு:
40 தானே தங்கச்சி, கண்ணில ஒரு சொட்டு விடுங்கோ, ஒவ்வொண்டுக்கும் போய்ச் சேந்தது கண்ணால தெரியும். தண்ணில குடுக்கிறதெண்டா பைப் தண்ணி வேண்டாம், குளோரின் அந்த உயிர் மருந்தைக் கொன்றுபோடும். இன்னும் ரெண்டு மூண்டு நாள் விட்டு, குஞ்சுகள் நல்லாத் தின்னத் துவங்கினாப் பிறகு போடுங்கோ, சோந்த குஞ்சுக்குப் போடக் கூடாது. பிளாஸ்க்கில ஐஸ் போட்டு எடுத்து வாங்கோ, 2 இலிருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும், கரைச்சா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள போட்டு முடியுங்கோ, மிச்சத்தை நாளைக்கெண்டு வைக்காதீங்கோ. தடுமாறுற குஞ்சுக்குக் காலில ஒட்டின பிளாஸ்டரை இன்னும் ஒரு நாள் விட்டுப் பாருங்கோ, தீன் சட்டியைக் கிட்ட வைச்சுவிடுங்கோ.