மறுமொழி: ‘கிறீப்பேஜ்’ என்பதற்குப் ‘பரப்புவழி’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரு கடத்திகளுக்கிடையே மின்கடத்தாப் பொருளின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் தூரத்தை ஆங்கிலத்தில் ‘கிறீப்பேஜ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘தவழ்தூரம்’ என்று சென்னை நண்பரும், ‘காப்பு இடைவெளி’ என்று ஒலுவிலிலிருந்து எழுதிய தம்பியும் முன்வைத்த சொற்களைக் கவனமாகப் படித்தேன். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘பரப்புவழி’ என்பதை நான் முன்மொழிகிறேன். அதற்கான காரணம் ஒரு பழுதிலிருந்து பிறந்ததாகையால், முதலில் அந்தப் பழுதை விளக்கிவிடுகிறேன்.

மட்டக்களப்பின் கல்லடியில் மாணவர்கள் சிலர் பொருத்திய உயர் வோல்ற்றளவுத் தொகுதி 12 வோல்ற்று மின்கலத்தில் இயங்குவது. சிறியதொரு நிலைமாற்றி (டிரான்ஸ்போர்மர்) உச்சத்தில் 500 வோல்ற்றைத் தர, இருவாயிகளும் (டயோட்டு) கொள்ளளவிகளும் (கப்பாசிற்றர்) அதனை நான்கு படிகளில் பெருக்குகின்றன. பௌதிகவியலாளர்களான கொக்குரொவ்ற்றும் வால்ற்றனும் 1932 இல் கேம்பிறிட்ஜில் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்திய சுற்றுமுறைதான் இது. படிக்கு 1000 வோல்ற்று வீதம், சுமையின்றி ஏறக்குறைய 4000 வோல்ற்று கிடைக்க வேண்டும். ஆவணி வெயிலில் அது கிடைத்தது. மார்கழி மழையில் 2500ஐத் தாண்டவில்லை.

இருவாயிகளை மாற்றியும் கொள்ளளவிகளை மாற்றியும் பயனில்லை. பல்மானி (மல்ற்றிமீற்றர்) சில வோல்ற்றுகளை மட்டுமே செலுத்தித் தடையை அளப்பதால், அதில் கசிவு எதுவும் தெரியவில்லை. உறுப்புகளைக் கழற்றிய வெறும் சுற்றுப் பலகையில், உயர் வோல்ற்றளவைச் செலுத்திக் காப்புத் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ற்று மெகரை வைத்தபோதே பழுது வெளிப்பட்டது. (மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும். அந்த வோல்ற்றளவைத் தாங்கவல்ல தடையி ஒன்றினூடாக அதனை இறக்கி, இறங்கியதை அளந்து உறுதிசெய்யாமல் எவரும் பலகையைத் தொடக் கூடாது.)

இங்கேதான் சொல்லின் பங்கு வருகிறது. ஒரு படியின் இரு பற்றாசுப் (சோல்டர்) புள்ளிகளுக்கிடையே 3 மில்லிமீற்றர் இருந்தது. சீரான புலத்தில் வளி மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 3000 வோல்ற்றைத் தாங்கும் என்று படித்திருந்த மாணவர்கள், 1000 வோல்ற்றுக்கு அந்த ‘இடைவெளி’ தாராளம் என்று முடிவு செய்தார்கள். வளியைப் பொறுத்தவரை அது சரியான கணக்கே. ஆனால் மின் சென்ற வழி வளியன்று, பலகையின் மேற்பரப்பு. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக உள்ள கல்லடியில் காற்றோடு வரும் உப்பு பலகையில் படிகிறது; சாரீரப்பதன் (காற்றின் ஒப்பு ஈரப்பதம்) 75 சதவீதத்தைத் தாண்டியதும் கறியுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைந்து கடத்தும் படலமாகிவிடுகிறது. பற்றாசின் பசையெச்சமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அற்ககோல் பசையைக் கரைக்கும். உப்பை அவ்வளவாகக் கரைக்காது. ஆகவே முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அடுத்து அற்ககோலால் துடைத்து, நன்றாக உலர்த்திய பின்னரே தொகுதி பழைய அளவுக்குத் திரும்பியது.

‘இடைவெளி’ என்ற சொல் இரண்டு தூரங்களுக்கும் பொதுவாக நின்றபடியால்தான் அவர்கள் ஒன்றை அளந்துவிட்டு மற்றதையும் அளந்ததாகக் கொண்டார்கள். வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குத் தோணியில் நேரே கடப்பதும், கரையோரமாகவே சுற்றிப் போவதும் ஒரே தூரமல்ல என்பது நம் பகுதியில் எவருக்கும் தெரியும். தட்டையான பலகையில் இரண்டும் தற்செயலாக ஒன்றாகலாம். புள்ளிகளுக்கிடையே பலகையை ஊடறுத்து ஒரு வெட்டு இட்டால் வளியினூடான தூரம் மாறாது, மேற்பரப்பை ஒட்டிய தூரமோ வெட்டின் முனையைச் சுற்றி நீளும். கம்பங்களில் உள்ள 33 கிலோவோல்ற்றுக் காவலிகளுக்கு (மின்கடத்தாத் தாங்கிகளுக்கு) அடுக்கடுக்கான பாவாடைகள் இருப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். மிகக் கடும் உப்புப் படிவுள்ள இடங்களுக்குக் கிலோவோல்ற்றுக்கு 31 மில்லிமீற்றர் என்று பழைய சர்வதேச வழிகாட்டி வகுத்த அளவும் மேற்பரப்பு வழியே அளந்ததுதான்.

‘தவழ்தூரம்’ செவிக்கு இனியது. எனினும் பொருள்கள் நீண்ட காலச் சுமையால் மெல்ல நீள்வதற்குத் ‘தவழ்வு’ ஏற்கெனவே வழங்குகிறது. மேலும், எது தவழ்கிறது, எங்கே தவழ்கிறது என்பதை அச்சொல் புதியவருக்கு உணர்த்தாது. ‘பரப்பு’ என்றால் யாழ்ப்பாணத்தில் காணி அளவு என்று ஒருவர் சுட்டியது உண்மைதான். ஆனால் உயர்தரப் பௌதிகவியலில் ‘பரப்பிழுவை’ படித்த எவரும் அங்கே காணியை நினைப்பதில்லை. தமிழகத்துப் பாடநூலிலும் அது ‘பரப்பு இழுவிசை’ ஆகையால், இரு நாட்டு வாசகருக்கும் இச்சொல் அந்நியமாகாது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதை எண்ணும்போது, இந்தப் பொதுமையை நாம் எளிதில் கைவிடக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனவே இணையாக இரண்டு வரையறைகளை முன்வைக்கிறேன். பரப்புவழி: இரு கடத்திகளுக்கிடையே திண்மக் காவலியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் மிகக் குறுகிய தூரம். வளியிடை: அதே இரு கடத்திகளுக்கிடையே வளியினூடாகச் செல்லும் மிகக் குறுகிய தூரம். தமிழக நண்பர்கள் ‘காவலி’ என்பதை ‘மின்காப்பான்’ என்று வாசித்துக்கொள்ளலாம்.

இவற்றோடு ‘பரப்புக்கசிவு’, ‘கரித்தடம்’ ஆகியவற்றைக் குழப்பக் கூடாது. பரப்புவழி வடிவமைப்பில் உள்ள ஓர் அளவு. பரப்புக்கசிவு அன்றைய ஈரத்தையும் அழுக்கையும் பொறுத்த நிலை. கரித்தடமோ சிறு பொறிகள் பலகையை எரித்து நிரந்தரமாக்கிய கடத்தும் கோடு. கசிவைக் கழுவலாம். கரித்தடத்தைக் கழுவ முடியாது, அந்தப் பகுதியைச் சுரண்டியோ வெட்டியோ அகற்ற வேண்டும். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கரித்தடம் விழுந்த பலகையை ஒருவர் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஒன்று மட்டும் தீரவில்லை. பலகையை ஊடறுக்கும் அந்த வெட்டை என்னவென்று அழைப்பது? ‘பிளவு’ என்றால் பலகை உடைந்ததாகப் பொருள்படும். அடிவரை ஊடுருவாத பள்ளத்துக்குத் தச்சர் சொல்லான ‘காடி’யையும், முழுதும் ஊடுருவுவதற்கு ‘வெட்டுவாய்’ என்பதையும் கொள்ளலாமா? மிதமான மாசுள்ள சூழலில் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள காடியும் வெட்டுவாயும் பரப்புவழிக் கணக்கில் சேரா என்பதால், அகலத்தையும் வரையறையிலேயே சேர்க்க வேண்டியிருக்கும். தச்சுத் தொழில் அறிந்தவர்கள் இதனைப் பார்த்துத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.