பாலர் பள்ளியில் வசந்த காலக் கைவேலை கேட்டால்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

புதிதாக வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "பிள்ளைக்கு நாலு வயசு. பாலர் பள்ளியில் சேர்த்து மூன்று வாரம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வசந்த காலத்தைப் பற்றி ஏதாவது கைவேலை செய்து அனுப்பச் சொல்கிறார்கள். வருஷம் பூராவும் வெயிலும் மழையுமாக இருக்கிற ஊரில் என்ன செய்து அனுப்புவது? வீட்டில் இன்னும் கத்தரிக்கோல்கூட வாங்கவில்லை."

அவருக்கு மட்டும் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. உங்களில் பலருக்கும் இது வரும் என்பதால் எல்லோருக்குமாகப் போடுகிறேன்.

நான் மதுரைப் பக்கம். கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சுங்கை சிப்புட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. மூத்தவள் பாலர் பள்ளியில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் மலாயில் ஒரு செய்தி வந்தது: 'மூசிம் பூங்ஙா'. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஓகோ பூங்கா என்று நானே முடிவுகட்டி, அட்டையில் ஊஞ்சல், சறுக்குமரம், ஒரு பெஞ்சு என்று இரவு ஒரு மணிவரை வெட்டி ஒட்டினேன். மறுநாள் மற்ற பிள்ளைகள் எல்லோரும் பூவோடு வந்திருந்தார்கள். மலாயில் பூங்ஙா என்றால் பூ, மூசிம் என்றால் பருவம். அதுகூடப் பரவாயில்லை. டீச்சர் சறுக்குமரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. இதுல உங்க மக செஞ்சது எது?" என்று கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. அவள் எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்குக் கிழிக்க வரும், ஒட்ட வரும், அச்சுக் குத்த வரும், விரலால் சாயம் தொட்டுவைக்க வரும். நேர்கோட்டில் வெட்ட ஓரளவு வரும், வளைவில் வெட்ட வராது. எதைக் கொடுத்தாலும் இதற்குள் அடங்குகிற மாதிரி கொடுங்கள். பூ கோணலாக வந்தால் கோணலாகவே போகட்டும்.

அப்புறம், இங்கே வசந்தம் இல்லை என்பதும் முழு உண்மையில்லை. நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைகூட இல்லாத இந்த ஊரில் அது செல்லாதுதான். ஆனால் பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரம் இருக்கிற பக்கம் போய்ப் பாருங்கள். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறிக் கொட்டி மரம் மொட்டையாக நிற்கும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் பளபளவென்று தளிர் விடும், அதோடு சின்னச் சின்ன மஞ்சள் பூவும் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி இளவயதில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். "பாக்க அழகுதான், ஆனா அந்த மாசத்துல பாலு கொறஞ்சிரும், சம்பளமும் கொறஞ்சிரும்" என்பார்.

அந்த உதிர்ந்த இலைதான் முதல் பொருள். ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். நரம்பு மேலே தெரிகிற மாதிரி அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, உறை உரித்த மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்பெல்லாம் எழும்பி வரும். பிள்ளைகளுக்கு இது ஏதோ மந்திரம் மாதிரி. முதலில் சிவப்பில் ஒன்று, பிறகு பச்சையில் ஒன்று என்று தேய்த்தால் உதிர்ந்த இலையும் புது இலையும் ஒரே தாளில் வந்துவிடும். கீழே கிடப்பதை மட்டும் எடுங்கள். பச்சை இலையைப் பறித்தால் காம்பில் பால் வடியும், சட்டையில் பட்டால் அந்தக் கறை போகாது. கேட்காமல் தோட்டத்துக்குள் போகவும் வேண்டாம். களைக்கொல்லி அடித்திருப்பார்கள். ரோட்டோரமும் தெரிந்தவர்களின் சின்னத் தோட்டமும் போதும்.

இதே இலையை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, சதை அழுகியதும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் வலைபோல நரம்பு மட்டும் நிற்கும். அதைச் சாயத்தில் தோய்த்துப் பூவும் பட்டாம்பூச்சியும் செய்வது இந்த ஊர்ப் பழைய கைவேலை. ஊறவைப்பதும் தேய்ப்பதும் பெரியவர்கள் வேலை. சாயம் தொட்டு அட்டையில் ஒட்டுவது பிள்ளை வேலை. ஆனால் அந்த வாளியை இறுக்கி மூடி வையுங்கள். இங்கே டெங்கி பயம் அதிகம். வீட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பார்த்துவிட்டால், 1975-ஆம் ஆண்டின் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. கைவேலை என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

ஒரே நாளில் முடிய வேண்டுமா? சமையலறைக்குப் போங்கள். பாக் சோய் என்ற சீனக் கீரையை வாங்கிச் சமைத்துவிட்டு, வேரடிப் பக்கம் இரண்டு விரல் உயரத்துக்குக் கட்டையாக மிஞ்சுவதைத் தூக்கிப்போடாதீர்கள். வெட்டிய முகத்தைச் சிவப்புச் சாயத்தில் தொட்டு வைத்தால் அப்படியே ரோஜாப்பூ. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனைச் சின்னப் பூ, உள்ளே விதைக்குழியோடு. காயை ஒரு மணி நேரம் முன்பே வெட்டிக் காற்றில் உலரவிடுங்கள், இல்லாவிட்டால் கொழகொழப்பில் சாயம் வழுக்கும். சாயத்தைத் தட்டில் ஊற்றாமல், ஈரமான பாத்திரப் பஞ்சில் தடவிக் கொடுத்தால் அச்சு தெளிவாக விழும். காம்பும் இலையும் பிள்ளையின் விரல் ரேகையிலேயே வந்துவிடும்.

செம்பருத்திக்கு இங்கே தனி மரியாதை. மலாயில் பூங்ஙா ராயா, 1960-இல் நாட்டின் மலர் ஆனது. அதன் ஐந்து இதழ்களை ருக்குன் நெகாரா என்ற தேசிய உறுதிமொழியின் ஐந்து கோட்பாடுகளோடு சேர்த்துச் சொல்வார்கள், பிள்ளை அதைப் பள்ளியில் படிக்கும். இதற்கு, பெருநாளில் பணம் வைத்துக் கொடுக்கிற பழைய அங்பாவ் உறைகளைச் சேர்த்து வையுங்கள். சீனப் பெருநாளுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, நம் தீபாவளிக்கு ஊதாவோ வேறு நிறமோ என்று வருடம் முழுக்க வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். சீனர்களுக்கு அந்தப் பெருநாளே வசந்த விழாதான், எனவே பொருத்தமும்கூட. சிவப்பு உறையைக் கையால் கிழித்து ஐந்து இதழ், பச்சையில் இலை. செம்பருத்தியின் நடுவே நீண்டு நிற்கிற தண்டுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியை மஞ்சளில் தொட்டு வைத்தால் அச்சு அசலாக இருக்கும். காம்புக்கு ஈர்க்கு விளக்குமாற்றில் ஒன்றை உருவிக்கொள்ளலாம், கூர் முனையில் டேப் சுற்ற மறக்காதீர்கள்.

பட்டாம்பூச்சிக்கு இணையத்தில் எல்லோரும் காகிதக் காப்பி வடிகட்டியைச் சொல்வார்கள். நம் கடைத்தெருவில் காப்பியைத் துணிப்பையில்தான் வடிக்கிறார்கள், வடிகட்டித் தாளுக்கு எங்கே போவது! சமையலறை டிஷ்யூவே போதும். தண்ணீரில் கரையும் மார்க்கரால் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், நிறம் தானாகப் பரவும். நிரந்தர மை பரவாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். காய்ந்ததும் நடுவில் துணி மாட்டும் கிளிப். கறுப்பில் பச்சை முக்கோணங்களாக வரிசை வைத்தால் ராஜா புரூக் பட்டாம்பூச்சி. 1855-இல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக் பெயரை அதற்கு வைத்தார். ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம் உலு கெரோவில் நிஜமாகவே பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

நேரம் இருந்தால் முளைக்க வைப்பதுதான் என் முதல் தேர்வு. முட்டை ஓட்டின் மேல்பக்கம் மட்டும் உடைத்து, வெந்நீரில் கழுவி, பேனாவால் கண்ணும் வாயும் போடச் சொல்லுங்கள். உள்ளே ஈரப்பஞ்சு, அதில் இரவு ஊறிய பச்சைப்பயறு. இந்த வெக்கையில் இரண்டே நாளில் வேர் வரும், வாரத்துக்குள் தலையில் பச்சை முடி. இன்னொரு முட்டை ஓட்டை இருட்டு அலமாரியில் வைத்தால் வெளிறிய மஞ்சளாக வளரும், ஊரில் அம்மன் திருவிழாவுக்கு வளர்க்கிற முளைப்பாரி மாதிரி. என் மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இருட்டில் இருந்தது பயந்துபோய் வெளுத்துவிட்டது என்று சொன்னாள்.

சாமான்களுக்கு அலைய வேண்டாம். மணிலா அட்டை, பசை, முனை மழுங்கிய கத்தரி எல்லாம் சிறு நகரங்களிலும் கிடைக்கிற மலிவுவிலைக் கடைகளில் உண்டு. மைதாப் பசை காய்ச்சாதீர்கள், விடியும்போது எறும்பு வரிசை கட்டியிருக்கும்.

கீழே வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில்.

"சிவப்பு விதைகள் ரோட்டோரம் நிறையக் கிடக்கின்றன, பூவின் நடுவில் ஒட்டலாமா அக்கா?" முழுக்கச் சிவப்பாக இருந்தால் அது மலாயில் சாகா, நம் மஞ்சாடி. கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி, தொடவே விடாதீர்கள். ஓடு உடைந்த குன்றிமணி கடும் நஞ்சு. மஞ்சாடியையும் நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் கொடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் வேண்டாம், தொண்டையில் சிக்கும், மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

இந்த ஊர்க்காரத் தம்பி ஒருவர்: "ரப்பர் கொட்டையை விட்டுட்டீங்களே அக்கா! நாங்க அதை வெச்சுத்தான் வெளையாடுவோம்." உண்மைதான் தம்பி. ஆனால் காய் வெடித்துக் கொட்டை விழுவது ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில், தளிர்க் காலத்தில் கிடைக்காது. போன வருடத்தது வைத்திருந்தால் சிவப்புச் சாயமும் கறுப்புப் புள்ளியும் வைத்துப் பொறிவண்டு ஆக்கலாம். உள்பருப்பைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு என்பதால் உடைக்காத கொட்டையாக எடுக்கவும்.

தங்கை, உங்களுக்கு வெள்ளிக்கிழமைக்கு பாக் சோய் ரோஜா போதும். புதன் காலையிலேயே செய்துவிடுங்கள். மத்தியானம் மழை பிடித்தால் சாயம் காயவே காயாது, ஃபேனுக்கு அடியில் விரித்துப் போடுங்கள். தாளின் பின்னால் பிள்ளையின் பெயரைப் பென்சிலில் எழுதிவிடுங்கள். வகுப்பில் எல்லா ரோஜாவும் ஒன்றுபோல இருக்கும்.