மருந்து கொடுத்த லேனில் 'மொத்த' பாலிமரேஸ் கூடுவது எப்படி?

பெட்ரித்தட்டு:
வணக்கம். ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) படியெடுத்தலைத் தடுக்கும் மருந்தான ஃப்ளேவோபிரிடால் 1 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம் கொடுத்து, டிஎன்ஏ-வைப் படியெடுத்து எம்ஆர்என்ஏ உண்டாக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-இன் பெரிய துணை அலகான ஆர்பிபி1-ஐ வெஸ்டர்ன் ப்ளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) பார்க்கிறேன். கியூபிசிஆரில் (எம்ஆர்என்ஏ அளவு பார்க்கும் சோதனை) மைக் மரபணுவின் எம்ஆர்என்ஏ நன்றாக இறங்குகிறது, ஆகவே மருந்து வேலை செய்கிறது. ஆனால் மொத்த பாலிமரேஸுக்கு என்று எங்கள் லேபில் வைத்திருக்கும் 8டபிள்யூஜி16 என்ற ஆன்டிபாடியைப் போட்டால், மருந்து கொடுத்த லேனில்தான் பேண்ட் அடர்த்தியாக வருகிறது. செரின்-2 பாஸ்பேட்டுக்கான ஹெச்5 ஆன்டிபாடி எந்த லேனிலும் ஒன்றும் காட்டவில்லை, கண்ட்ரோலில்கூட. புரத அளவை ஒப்பிட வைத்த வின்குலின் எல்லா லேனிலும் சமம். கைடு "ஆன்டிபாடி போச்சு, புதுசு ஆர்டர் போடு" என்கிறார். புது வயல் வர வாரக்கணக்கில் ஆகும், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குமுன் எதைச் சரிபார்க்கலாம்?

ஜெல்ரூம்:
ஆர்டர் போடறத கொஞ்சம் நிறுத்தி வைங்க. 8டபிள்யூஜி16 உங்களுக்கு உண்மையத்தான் காட்டுது.

ஆர்பிபி1-ஓட வால் பகுதியில டைரோசின், செரின், புரோலின், த்ரியோனின், செரின், புரோலின், செரின்னு ஏழு அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும். மனுஷங்களுக்கு 52 தடவை, ஈஸ்டுக்கு அதுல பாதி. படியெடுத்தல் தொடங்கும்போது அஞ்சாவது செரின்லயும், நீளும்போது ரெண்டாவது செரின்லயும் பாஸ்பேட் ஏறும். 8டபிள்யூஜி16, விஸ்கான்சின்ல ரிச்சர்ட் பர்ஜெஸ் குழு கோதுமை முளையில இருந்து எடுத்த பாலிமரேஸ வச்சு உண்டாக்கினது. அந்த வால் அவ்வளவு மாறாம இருக்கறதாலதான் நம்ம செல்லுலயும் அது பிடிக்குது. ஆனா அது விரும்பிப் பிடிக்கறது பாஸ்பேட் இல்லாத வாலை. ஃப்ளேவோபிரிடால், பாஸ்பேட் ஏத்தற நொதியான சிடிகே9-ஐ அடக்குது, பாஸ்பேட் குறையுது, அதனால அதே அளவு புரதத்துல ஆன்டிபாடிக்கு ஒட்ட இடம் கூடுது. இத 'மொத்தம்'னு பேப்பர்ல போட்டா ரொம்பத் தப்பான முடிவுக்குப் போயிடுவீங்க. இந்தக் குளோன 'மொத்த பாலிமரேஸ்'னு எழுதி வச்சு அடுத்த பேட்ச் பசங்ககிட்ட கைமாத்தற பழக்கம் நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

மொத்தம் வேணும்னா, வாலுக்கு எதிர்முனையான என்-முனையைப் பிடிக்கற ஆன்டிபாடி எடுங்க. அதுல ரெண்டு பேண்ட் வரணும்: 240 கிலோடால்டன் பக்கம் பாஸ்பேட் ஏறினது, கீழ 220 பக்கம் ஏறாதது. மருந்து போட்டா மேல் பேண்ட் மங்கி, கீழ் பேண்ட் தடிக்கும்.

ஹெச்5-க்கு ஒரே ஒரு கேள்வி. உங்க செகண்டரி (பிரைமரி ஆன்டிபாடியைப் பிடிச்சு சிக்னல் காட்டற ரெண்டாவது ஆன்டிபாடி) எது? ஹெச்5 சுண்டெலி ஐஜிஎம் வகை ஆன்டிபாடி, ஐஜிஜி இல்ல. ஐஜிஜி-யோட எஃப்சி பகுதியை மட்டும் பிடிக்கற செகண்டரி போட்டா, பிரைமரி மெம்பரேன்ல நல்லா உக்காந்திருந்தாலும் வெறும் வெள்ளைதான். ஐஜிஎம்-ஓட மியூ சங்கிலிக்கான செகண்டரி தேடுங்க.

மூன்றாம்மாடி:
ஜெல்ரூம் சொன்னதோடு இதையும் பாருங்கள். பிளாக்கிங்கிற்கு (ஆன்டிபாடி மெம்பரேனில் கண்ட இடத்தில் ஒட்டாமல் மூடுவதற்கு) பால் பவுடரா? பாலில் உள்ள கேசீன் தானே ஒரு பாஸ்போபுரதம், பாஸ்போ ஆன்டிபாடிக்கு பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) வையுங்கள். செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபரில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் சோடியம் ஃப்ளூரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் இல்லையென்றால், ஐஸில் வைத்திருக்கும்போதே பாஸ்பேட் கழன்றுவிடும். 10 சதவீத ஜெல்லில் இந்த இரண்டு பேண்டும் பிரியவே பிரியாது. 6 சதவீதம் ஓட்டி, குளிர் அறையில் இரவு முழுக்க வெட் டிரான்ஸ்ஃபர் வையுங்கள். செமி-டிரையில் இவ்வளவு பெரிய புரதம் பாதி ஜெல்லிலேயே தங்கிவிடும்.

பெட்ரித்தட்டு:
இருவருக்கும் நன்றி. செகண்டரி டப்பாவில் சிறிய எழுத்தில் 'எஃப்சி காமா' (அதாவது ஐஜிஜி மட்டும்) என்றே இருந்தது. பக்கத்து லேபில் மியூ சங்கிலி செகண்டரி வாங்கி, பழைய மெம்பரேனிலேயே போட்டேன். கண்ட்ரோல் லேனில் மேலே ஒரே ஒரு பேண்ட், மருந்து லேனில் நிழல் போல ஏதோ. கைடிடம் காட்டினேன், என்-முனை ஆன்டிபாடிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். இதே ஹெச்5-ஐ வைத்து சிப் (புரதம் டிஎன்ஏ-வில் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கும் முறை) செய்யலாமா? ஆன்டிபாடியைப் பிடித்து இழுக்கும் புரோட்டீன் ஜி பீட்ஸ் இருக்கிறது.

ஜெல்ரூம்:
நேரடியா முடியாது, புரோட்டீன் ஜி ஐஜிஎம்-ஐப் பிடிக்காது. முயல்ல எடுத்த ஆன்டி-மவுஸ் ஐஜிஎம்-ஐ முதல்ல பீட்ஸ்ல ஏத்திட்டு, அதுமேல ஹெச்5 போடணும். இல்ல, செரின்-2-க்கே ராட் ஐஜிஜி-யா 3ஈ10னு ஒரு ஆன்டிபாடி இருக்கு, அது சுலபம். எதுவானாலும் பிசிஆர் பிரைமர மரபணுவோட தொடக்கத்துல இருக்கற புரமோட்டர்ல மட்டும் வச்சுட்டு 'சிக்னல் இல்ல'ன்னு வந்துடாதீங்க. செரின்-2 பாஸ்பேட் மரபணுவோட கடைசிப் பக்கம், பாலி-ஏ தளத்துக்கிட்டதான் உச்சத்துக்குப் போகும். மைக் ரொம்பச் சின்ன மரபணு, நீளமா இன்னொன்னும் சேத்து வைங்க.